நின்னுட்டேன் மா

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். ஆபீஸில் யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கோபம் வந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு முதலாளியிடம் பத்தொன்பது வருடமாக ஆபீஸ் பார்க்கிறேன். யாருக்கு எந்தத் தறி, எந்தத் தறிக்கு எந்தப் பாவு நூல், ஜரிகை எப்போது கொடுப்பது, யாருக்கு என்றைக்கு லீவு என்று எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். முதலாளி புடவையைப் பார்த்துக்கொள்வார், ஆட்களை நான் பார்த்துக்கொள்வேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அந்த வாயால்தான் இருபத்துநான்கு தறிகளை நிறுத்தி வைத்தேன். அவற்றைத் திரும்ப ஓட வைத்தவர் எனக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பெண், தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் என் முட்டாள்தனத்தையும் சொல்லியாக வேண்டும்.

முன்பெல்லாம் தறிகள் ஆபீஸுக்குப் பின்னாலேயே இருந்தன. நடுவில் ஒரு சுவர், ஒரு கதவு. நாள் முழுக்கத் தறிச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். யாருக்காவது ஜரிகையோ பட்டோ தீர்ந்துபோனால் அந்தக் கதவில் தலையை நீட்டி ஒரு வார்த்தை சொல்வார்கள். நான் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே பீரோவைத் திறந்து கொடுத்துவிடுவேன். மூன்று வருடத்துக்கு முன்னால் முசரவாக்கம் போகும் வழியில் இடம் வாங்கி, பெரிய கூடமாகக் கட்டி, தறிகளையெல்லாம் அங்கே கொண்டுபோனார் முதலாளி. நல்ல வெளிச்சம், நல்ல காற்று. ஆனால் ஆபீஸும் பீரோவும் நானும் ஊருக்குள்ளேயே தங்கிவிட்டோம். நடுவில் நாலு கிலோமீட்டர். சாமான் தீர்வதற்கு முன்பே இன்னது வேண்டும் என்று நெசவாளர்கள் என் போனுக்கு மெசேஜ் போடுவார்கள், நான் ஆள் மூலம் அனுப்பி வைப்பேன்.

அந்தக் கூடத்தில் ஏழாம் தறிக்காரர் முசரவாக்கத்துக்காரர். விவசாயக் குடும்பம், நாற்பத்தாறு வயது, அதிகம் பேசாதவர். உடம்பு ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாகக் கோர்த்து நெய்கிற கோர்வைப் புடவையில் அவர் கை தனி. பெரிய கல்யாண ஆர்டர் வந்தால் முதலாளி அவர் தறியில்தான் ஏற்றச் சொல்வார். நான் அங்கே வேலைக்குச் சேர்வதற்கு மூன்று வருடம் முன்பே வந்தவர்.

எல்லாம் ஒரு டப்பாவில் ஆரம்பித்தது. தறியில் இருக்கும்போதே ஒரு புது டிசைன் எப்படியோ படமாக வெளியே போய்விட்டது. உடனே நான் ஒரு சட்டம் போட்டேன். எல்லோரும் வாசலில் இருக்கும் டப்பாவில் போனை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் வைத்தார்கள். ஏழாம் தறிக்காரர் மட்டும் ஆபீஸுக்கே நேரில் வந்தார்.

"போனை வாசல்ல வச்சிட்டா, சாமான் தீந்துபோச்சுன்னா உங்களுக்கு எப்படிமா சொல்றது?"

"வெளிய வந்து எடுத்துச் சொல்லுங்க."

"கோர்வைக்குப் பக்கத்துல ஒருத்தங்க உக்காந்துக்கினு இருக்காங்கமா. ஒவ்வொரு வாட்டியும் நான் தறிக்குழியில இருந்து ஏறி வந்தா, அவங்களும் சும்மாதானே உக்காரணும்."

அவர் சொன்னது நியாயம். ஆனால் அன்றைக்கு ஆடிட்டர் ஆள் காலையிலிருந்து என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். "இஷ்டம் இருந்தா வேலை செய்யுங்க, இல்லன்னா நின்னுக்குங்க" என்று சொல்லிவிட்டேன். வேலையிலிருந்து நிற்பது என்றால் வேலையை விட்டுவிடுவது, இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "வரேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பதினொரு மணிக்கு என் போனில் அவரிடமிருந்து ஒரு மெசேஜ். இங்கிலீஷ் எழுத்தில் தட்டிய தமிழ். "நின்னுட்டேன் மா." அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. நேற்று நான் சொன்னதற்கு இன்றைக்குப் பதிலா, அதுவும் ஒற்றை வார்த்தையில், போனிலா என்று நினைத்தேன். முதலாளியிடம் போய், "ஏழாம் தறிக்காரர் வேலையை விட்டு நின்னுட்டார் சார்" என்றேன். அவர் நம்பவில்லை. "அவரா? என்னம்மா சொல்ற?" என்றார். போனைக் காட்டினேன். எழுத்தில் இருக்கும்போது அவர் என்ன சொல்ல முடியும்? "எதுக்கும் ஒரு வாட்டி கூப்பிட்டுப் பேசிப் பாரும்மா" என்றார். சரி என்று தலையாட்டினேன். கூப்பிடவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அதே அளவுதான் என்று இப்போது தெரிகிறது.

அடுத்த நாள் அந்தத் தறியில் வேறு ஒருவரை உட்காரச் சொன்னேன். திருப்புட்குழியிலிருந்து வருகிறவர், அவருடைய தறியில் பாவு முடிந்து அடுத்த பாவுக்காகக் காத்திருந்தார். "அவரு வர்ற வரைக்குமா மேடம்?" என்று தயங்கினார். "நீங்க உக்காருங்க" என்றேன். அன்று மதியத்துக்குள் அவரிடமிருந்தும் மெசேஜ் வந்தது. "நின்னுட்டேன் மேடம்."

இரண்டு நாளில் இரண்டு பேர், ஒரே தறி, ஒரே வார்த்தை. வேறு யாராக இருந்தாலும் ஒரு நிமிடம் யோசித்திருப்பார்கள். நான் யோசிக்காமலே கண்டுபிடித்துவிட்டேன், இது சங்கத்தின் சதி என்று. காவலாளிக்குப் போன் போட்டு, நான் சொல்லாமல் அந்த இரண்டு பேரையும் உள்ளே விடக்கூடாது என்றேன்.

மூன்றாம் நாள் காலை காவலாளியே கூப்பிட்டார். "உள்ள சத்தமே இல்லமா. எல்லாரும் எழுந்து வெளிய வந்து உக்காந்துக்கினு இருக்காங்க" என்றார்.

அன்று மதியம் சங்கச் செயலாளர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முப்பத்து மூன்று வயதுப் பெண். எங்கள் கூடத்திலேயே இன்னொரு கோர்வைத் தறியில் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா என்கிற ஓடத்தைத் தள்ளிவிடுகிறவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் திருப்புட்குழிப் பக்கம் பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். இவர் தபால் வழியில் பி.காம். முடித்திருந்தார். நான் படித்ததும் அதுதான், ஆனால் கல்லூரிக்குப் போய்ப் படித்தேன் என்று அன்றைக்கு மனதுக்குள் ஒரு திமிர் இருந்தது. வந்தவர் கத்துவார் என்று எதிர்பார்த்துக் குரலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு ஒரு தாளை மேஜையில் வைத்தார்.

எட்டுக் கோரிக்கைகள். மின்விசிறி போதவில்லை. குடிநீர் இயந்திரம் கெட்டுப்போயிருக்கிறது. பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. போன் டப்பா வேண்டாம். இப்படிப் போய், வாசலில் இருக்கும் நாயைக் கட்ட வேண்டும் என்பதோடு முடிந்தது. அந்த நாய் காரில் வருகிறவர்களை ஒன்றும் செய்யாது, நடந்து வருகிறவர்களை மட்டும்தான் விரட்டும்.

எட்டுக்கும் எட்டுப் பதில் எழுதினேன். முதலாளி என்னைவிட நல்லவர், எல்லாவற்றுக்கும் சரி என்றார். டப்பாவைக்கூட வாசலிலிருந்து எடுத்துவிடுவோம் என்றார். செயலாளர் பதிலை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் வந்து, "ஒத்துக்க மாட்டேன்றாங்க" என்றார்.

முதலாளிக்குப் புரியவில்லை. "கேட்டதெல்லாம் குடுத்தாச்சு. இன்னும் என்னம்மா வேணும் அவங்களுக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"அவங்களுக்குச் சண்டைதான் சார் வேணும்" என்றேன்.

கூடத்து வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் சாமான் கொடுக்காமல் தறியை நிற்க வைத்து, அவரே சலித்துப் போகும்படி செய்வது சில இடங்களில் நடக்கிற பழைய தந்திரம். அதைத்தான் நாங்கள் செய்கிறோம் என்று அவர்கள் நம்பினார்கள். இன்றைக்கு ஏழாம் தறி, நாளைக்கு யார் தறியோ என்ற பயம் ஒவ்வொருவருக்கும் இருந்தது. ஆனால் அந்தத் தாளில் ஏழாம் தறியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுத வேண்டாம் என்று ஏழாம் தறிக்காரரே தடுத்திருக்கிறார். "கேட்டு வாங்கிக் குடுத்த தறியில நான் உக்கார மாட்டேன்பா" என்றாராம். இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்த தறிக்கு மனு போட அவருக்கு மனம் வரவில்லை. அதனால்தான் அவர் பாரத்தையும் சேர்த்து மின்விசிறியும் நாயும் சுமந்தன, எட்டும் கிடைத்தும் அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள் செயலாளர் மறுபடி வந்தார். நான், முதலாளி, அவர், மூன்று பேர்தான். அவர் அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டார்.

"லிஸ்ட்டு இருக்கட்டும் மேடம். நடந்ததை முதல்ல இருந்து சொல்லுங்க."

தறியை விட்டு எல்லோரும் எழுந்து போன அன்றைக்கு என்று ஆரம்பித்தேன்.

"அது நடுவுல மேடம். அதுக்கு முன்னாடி?"

காவலாளியிடம் சொன்னதைச் சொன்னேன். "அதுக்கு முன்னாடி?" என்றார். இழை அறுந்தால் தொங்குகிற நுனியைப் பிடித்து இழுக்க மாட்டார்கள், பின்னால் போய் எங்கே விட்டது என்று பார்ப்பார்கள். அதையேதான் அவர் செய்துகொண்டிருந்தார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை, எரிச்சல்தான் வந்தது. "அவர்தானே முதல்ல நின்னுட்டேன்னு மெசேஜ் போட்டார்? இதோ பாருங்க" என்று போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

அவர் அதைப் படித்தார். அடுத்தவர் போட்ட மெசேஜையும் எடுத்துப் படித்தார். சிரிக்கவில்லை, சத்தம் போடவில்லை. போனை மெதுவாக மேஜையில் வைத்தார்.

"மேடம், இந்த மெசேஜ் வந்தப்ப ஏழாம் தறி ஜரிகை எங்க இருந்துச்சு?"

திரும்பிப் பார்த்தேன். அது என் முதுகுக்குப் பின்னால், பீரோவுக்குள் இருந்தது. முதல் நாள் சாயங்காலம் நான் அனுப்பியிருக்க வேண்டியது. ஆடிட்டர் ஆள் இருந்தார், சண்டை நடந்தது, மறந்துவிட்டேன். இரண்டாவது ஆளை உட்கார வைத்தபோதும் அனுப்பவில்லை.

"சட்டியில இருந்தாத்தானே மேடம் அகப்பையில வரும். அந்தத் தறியில யார் உக்காந்தாலும் நிக்கத்தான் செய்வாங்க" என்றார்.

நெய்கிறவர்கள் தறி வேறு, தாங்கள் வேறு என்று பேசுவதில்லை. தறி ஓடினால் 'நான் ஓடிக்கினு இருக்கேன்' என்பார்கள். பாவோ ஜரிகையோ தீர்ந்து தறி நின்றால் 'நின்னுட்டேன்' என்பார்கள். சாமான் அனுப்புங்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். அனுப்பும்வரை வீட்டுக்குப் போய்க் காத்திருப்பார்கள். இது எனக்குத் தெரியாத சங்கதி என்று சொன்னால் அது பொய். பின்கதவில் தலையை நீட்டி அவர்கள் சொன்ன வார்த்தையே அதுதான். பதினாறு வருடம் அதைக் கேட்டுக்கேட்டு என் கை தானாகப் பீரோவுக்குப் போயிருக்கிறது. அதே வார்த்தை முதல்முறையாகப் போனில் எழுத்தாக வந்தபோது, என் வாயிலிருந்து முதல் நாள் போன வார்த்தை திரும்பி வந்ததாக மட்டும் படித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தப் பெண் மீது எனக்கு மரியாதை பிறந்தது அதற்கு அடுத்த நிமிடத்தில்தான். அவர் கையில் ஜெயிப்பதற்கு வேண்டியதெல்லாம் இருந்தது. வெளியே போய், ஜரிகையைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள் என்று சொன்னால் போதும், அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவர் முதலாளியைப் பார்த்து, "ஐயா, தப்பு எங்க பக்கமும் இருக்குது" என்றார்.

"உங்க பக்கம் என்னம்மா தப்பு?" என்று முதலாளி கேட்டார்.

"எட்டு விஷயம் எழுதினோம். கேக்க வேண்டிய ஒண்ணை எழுதல. மேடம் ஒரு போன் பண்ணல, சரி. நாங்க இத்தனை பேர் இருக்கோம், நாங்களும்தான் பண்ணல."

என்னைக் காப்பாற்ற அவர் அப்படிச் சொல்லவில்லை. அவருக்கு அது அப்படித்தான் தெரிந்தது. யார் பக்கம் என்பதை மறக்காமலே எது நடந்தது என்பதையும் பார்க்கத் தெரிந்தவர்களை நான் என் வாழ்க்கையில் அதிகம் பார்த்ததில்லை. அதுவரை எனக்கு அது ஒரு திறமை என்றே தெரியாது.

"ஜரிகையை எடுத்துக்குங்க மேடம். போலாம்" என்று எழுந்தார்.

அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துதான் போனேன். மடியில் ஜரிகைப் பை. பட்டுக்கடைகள் இருக்கிற தெரு வழியாக, ஆட்டோக்களுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் போனோம். ஐந்து நாளாகத் தகராறு என்பது ஊருக்கே தெரியும். சங்கத்துப் பெண் ஓட்ட, ஆபீஸ் அம்மா பின்னால் உட்கார்ந்து போவதைக் கடை வாசலில் நின்றவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளியின் கார் எங்களுக்குப் பின்னால் வந்தது.

"நான் என்னம்மா சொல்லணும் அவங்ககிட்ட?" என்று அவர் காதருகே கேட்டேன்.

"பெருசா ஒண்ணும் வேணாம் மேடம். நடந்ததை நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா சங்கம் சொல்லிச்சுன்னு ஆயிடும். நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க."

வாசலில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஏழாம் தறிக்காரரை ஊரிலிருந்து வரச் சொல்லியிருந்தார்கள், அவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்தார். உள்ளே விடக்கூடாது என்று நான் சொன்னதை யாரும் இன்னும் மாற்றிச் சொல்லவில்லையே. நாய் என்னைப் பார்த்து வாலாட்டியது, அது வேறு எனக்கு அவமானமாக இருந்தது. சொன்னேன். ஜரிகையை மறந்தது, மெசேஜைத் தப்பாகப் படித்தது, கூப்பிடாமல் இருந்தது, வாசலில் நிறுத்தச் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு எங்க ஆபீஸ்ல நடந்தது" என்று முதலாளியும் சொன்னார். நான் பையை நீட்டினேன்.

ஏழாம் தறிக்காரர் அதை வாங்கிக்கொண்டார். கோபமாக இல்லை, ஆனால் கண் கலங்கியிருந்தது.

"நின்னுக்குங்கன்னு நீங்க சொன்னதுக்கு, நான் போன்ல பதில் போட்டேன்னு நெனச்சீங்களாமா?" என்றார். "நான் அப்படிச் செய்வேனா? வேலையை வுட்டு நிக்கறதுன்னா நேர்ல வந்து, உங்க முகத்தைப் பாத்துச் சொல்லிட்டுத்தான் நிப்பேன்."

கேட்டை நானே தள்ளித் திறந்துவிட்டேன். அவர் உள்ளே போய்க் குழியில் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் ஏழாம் தறியின் சத்தம் கேட்டது. அதன் பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். செயலாளர் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளாமல், தன் தறிப் பக்கத்தில் போய் உட்கார்ந்து நாடாவைக் கையில் எடுத்தார்.

எட்டுக் கோரிக்கைகளும் நிறைவேறின. நாயைக் கட்டிவிட்டார்கள்.

நான் வீட்டுக்குப் போய் ராஜினாமா எழுதினேன். கோபத்தில் இல்லை, இந்த ஒரு காரியத்தையாவது நிதானமாகத்தான் செய்தேன். ஆட்களைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிக்கொண்டவள், இருபத்திரண்டு வருடம் இருந்த ஒரு மனிதரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். எந்த முகத்தோடு அந்த மேஜையில் உட்காருவது? முதலாளி கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "ரெண்டு நாள் யோசிம்மா" என்றார். யோசிக்க ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தேன். பீரோ சாவியைக்கூடக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். போனில் ஏழாம் தறிக்காரரிடமிருந்து மெசேஜ். அதே இங்கிலீஷ் எழுத்து, அதே தமிழ்.

"நின்னுட்டீங்களா மா? என்ன தீந்துபோச்சு சொல்லுங்க, எடுத்துக்கினு வரேன்."

அதை நாலைந்து முறை படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறையும் படித்தேன். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன், "ஒண்ணும் தீரலபா. வந்துக்கினு இருக்கேன்."